கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

வானொலி மறையுரை
பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு (2025)
வாசகங்கள்: சாலமோனின் ஞானம் 9:13-18, பிலமோன் 9-10, 12-17, லூக்கா 14:25-33



திருப்பலிக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பவர்கள், நோயின் காரணமாக வீட்டிலிருந்தே இறைவார்த்தையைக் கேட்பவர்கள், கடையில் வேலை பார்த்துக்கொண்டே வானொலியைத் திறந்து வைத்திருப்பவர்கள் எல்லாரோடும் ஒரு குடும்ப விஷயத்தைப் பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் போன பிறகு, ஓர் அம்மா மட்டும் பீடத்தின் பக்கவாசலில் நின்றுகொண்டிருந்தார். முசிறிப் பக்கத்துக்காரர். கோரைப்பாய் நெய்து பிழைக்கிற குடும்பம். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சேலைத் தலைப்புக்குள் ஒரு கடித உறையை மறைத்து வைத்திருந்தார். அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

"சாமி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வங்கியிலிருந்து வந்த அறிவிப்பு. மகனின் கல்விக் கடன் தவணை பல மாதங்களாகக் கட்டப்படவில்லை என்றும், உடனே கட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. மகன் பெயருக்குக் கீழே அந்த அம்மாவின் பெயரும் இருந்தது.

"தம்பி படிச்சு வேலைக்குப் போனதும் அவனே கட்டிருவான்னுதானே சாமி சொன்னாங்க. எம்பேருக்கு ஏன் நோட்டீசு வருது?"

"கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

"காட்டின இடத்துல எல்லாம் போட்டேன் சாமி."

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். கோவையில் வேலை பார்க்கும் மகன் நான்கு மாதமாகத் தொலைபேசியில் பேசவில்லை. பங்குத் திருவிழாவுக்கும் வரவில்லை. "கடன விடுங்க சாமி, கூலி வேலை பாத்தாவது கட்டிப்புடலாம். புள்ள ஏன் பேச மாட்டேங்குறான்?"

அன்புக்குரியவர்களே, அந்தக் கேள்விதான் இன்றைய நற்செய்தியை எனக்குப் புதிதாகத் திறந்து காட்டியது.

இயேசுவின் பின்னால் பெருங்கூட்டம் வருகிறது. அவர் திரும்பிப் பார்த்து ஒரு சிறிய உவமை சொல்கிறார். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க மாட்டாரா? அடித்தளம் மட்டும் போட்டு நிறுத்திவிட்டால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? தம்மைப் பின்பற்றுவதன் விலையைப் பற்றித்தான் ஆண்டவர் பேசுகிறார். பணத்தைப் பற்றி அல்ல. ஆனாலும் அந்த உண்மையைச் சொல்ல, வீடு கட்டுகிற ஒரு சாதாரண மனிதரின் கணக்கு நோட்டைத்தான் அவர் கையில் எடுக்கிறார். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று அவர் சொல்லவில்லை.

பாதியில் நின்ற கோபுரம் என்றால் திருச்சிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

இன்று நம் குடும்பங்கள் கட்டுகிற கோபுரம் பிள்ளைகளின் படிப்பு. முசிறியிலிருந்தும் தொட்டியத்திலிருந்தும் காலைப் பேருந்தில் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும் மாணவர் கூட்டத்தைப் பாருங்கள். அவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டப்படிப்பு வரை எப்படியோ சமாளித்துவிடுகிறோம். அதற்கு மேல் எம்.பி.ஏ., எம்.டெக்., வெளிநாட்டில் முதுகலை என்று வரும்போது கடன்தான் வழி என்றாகிறது.

கடன் வாங்கிப் படிப்பது பாவமா? இல்லை. சத்திரத்துக்கு அருகிலேயே இருக்கும் தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை படித்த ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். இராமேசுவரத்திலிருந்து வந்தவர். பி.எஸ்சி. முடித்ததும் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க விரும்பினார். சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகைகளைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். அதற்கு அன்று அவருக்குத் தெரிந்த ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவது. அந்தத் தம்பிதான் அப்துல் கலாம்.

அக்காவுக்குத் தான் எதை அடகு வைக்கிறோம் என்று தெரியும். தம்பிக்கும் யாருடைய வளையல் என்று தெரியும். வெறுங்கையாக இருந்த அக்காவின் கைகளை அவர் பார்த்திருப்பார். இன்றைய கடனில் இந்தப் பார்வை இல்லாமல் போய்விட்டது. பணம் வங்கியிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகிறது. மாணவர் கையில் ஒரு ரூபாய்கூடத் தொடுவதில்லை. அம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். வளையல் கழன்றது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஆகவே இன்று நாம் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

அந்த அம்மாவின் மகனுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு 3 லட்சமாக மொத்தம் 6 லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு என்று வையுங்கள். படிக்கும் காலமும், அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது பொதுவான விதி. பலர் இதை, வட்டியும் இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி அல்ல. முதல் ஆண்டு 30,000, இரண்டாம் ஆண்டு 60,000, மூன்றாம் ஆண்டு 60,000 என்று வட்டி சத்தமில்லாமல் சேர்கிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் 7.5 லட்சம். பத்து ஆண்டுகளில் அடைக்க வேண்டுமானால் மாதம் ஏறத்தாழ 9,900 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 12 லட்சம். பதினைந்து ஆண்டுகள் என்றால் மாதம் 8,000 சொச்சம்தான். ஆனால் மொத்தம் பதினான்கரை லட்சம்.

மகனுக்குக் கோவையில் கிடைத்த சம்பளம் 18,000. அறை வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு 8,000. தவணை 9,900. மிச்சம் நூறு ரூபாய். ஒரு காய்ச்சல் வந்தால் தவணை போய்விடும். அந்தத் தம்பி சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. இந்தக் கணக்கைக் கல்லூரியில் சேருமுன் அவரோடு உட்கார்ந்து போட்டுக் காட்ட ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

பெற்றோரே, பிள்ளைகளே, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் வீட்டு மேசையில் சில கேள்விகளைக் கேளுங்கள்.

இந்தப் படிப்பை முடித்தவர்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள்? கல்லூரி விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். சென்ற ஆண்டு அங்கே படித்து முடித்த நான்கு பேரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். முதல் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

கடன் இல்லாமல் இதே படிப்பைப் படிக்க வழி உண்டா? அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் முதுகலைக் கட்டணம் மிகக் குறைவு. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறுகிறவர்களுக்கு மாதம் 37,000. ஓராண்டு பொறுத்துத் தேர்வுக்குத் தயாராவது, பதினைந்து ஆண்டுகள் தவணை கட்டுவதைவிட எளிதாக இருக்கலாம்.

கடன்தான் வழி என்றால் அதன் சட்டதிட்டம் தெரியுமா? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 7.5 லட்சம் வரை உள்ள கடன்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்தால், தவணை தொடங்கும்வரை சேரும் வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு ஒருமுறைதான். இளநிலைக்கு வாங்கிவிட்டால் முதுகலைக்குக் கிடையாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்று, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. சிறுபான்மையினர் என்ற முறையில் நமக்கு டாம்கோ நிறுவனத்தின் கல்விக் கடனும் இருக்கிறது. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கான சிறுபான்மையினர் வட்டி மானியத்தை நம்பி இன்னும் சிலர் திட்டமிடுகிறார்கள். அது 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவாருங்கள். நாம் போட்ட கணக்கில் முதலாண்டு மாதம் 2,500, பிறகு 5,000. அப்படிக் கட்டினால் தவணை தொடங்கும்போது 9,900-க்குப் பதிலாக 7,900 கட்டினால் போதும். இப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியிலும் ஒரு விழுக்காடு குறைக்க அந்த மாதிரித் திட்டம் இடம் தருகிறது. மாறாக, வங்கிப் பணம் வரத் தாமதமாகிறது என்று முதல் கட்டணத்தைக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். படிப்பு முடியுமுன் அது வீட்டை முடித்துவிடும்.

அடுத்து, கையெழுத்து. யாருக்காகவாவது பிணை நிற்பதைப் பற்றித் திருவிவிலியம் இரண்டு பக்கமும் பேசுகிறது. சீராக்கின் ஞானம் 29-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நல்லவர் அயலாருக்காகப் பிணை நிற்பார் என்கிறது. அதே பிணை வாழ்ந்த குடும்பங்களை வீழ்த்தியிருக்கிறது என்றும் எச்சரிக்கிறது. உன்னால் இயன்ற அளவுக்கு உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்பது அதன் அறிவுரை. இன்றைய இரண்டாம் வாசகம் முடிகிற இடத்துக்கு அடுத்த வரிகளில் பவுலடியார் என்ன செய்கிறார்? ஒனேசிமு உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வையும், நானே தீர்ப்பேன் என்று பிலமோனுக்குத் தம் கைப்பட எழுதுகிறார். சிறையிலிருந்து ஓர் உத்தரவாதக் கையெழுத்து! பவுலுக்குத் தான் என்ன எழுதுகிறோம் என்று தெரியும். ஒவ்வோர் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது தெரிய வேண்டும். இணைக் கடனாளி என்றால் சாட்சி அல்ல. பிள்ளை கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பொருள். தவணை தவறினால் சிபில் மதிப்பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் குறையும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் வரும், தள்ளுபடி வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று சம்பளம் வாங்கிக்கொண்டே தவணையை நிறுத்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் வட்டி காத்திருக்காது. முடிந்தும் கட்டாமல் இருப்பது, உங்களுக்குப் பின் அதே வங்கிப் படியேறப்போகும் ஏழைத் தம்பியின் வழியை அடைப்பதாகும்.

ஆனால் முடியாமல் நிற்கிறவர்கள்? அவர்களுக்காகத்தான் இன்று இவ்வளவும் பேசுகிறேன்.

2016-இல் மதுரையில், கல்விக் கடனை வசூலிக்கத் தரப்பட்ட நெருக்கடிக்குப் பின் ஓர் இளம் பொறியாளர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். செய்தித்தாளில் படித்தோம், வருந்தினோம், மறந்துவிட்டோம். அந்த அம்மா பக்கவாசலில் நின்று, "புள்ள ஏன் பேச மாட்டேங்குறான்" என்று கேட்டபோது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே தம்பிக்குத் தொலைபேசினேன். மூன்றாம் முறை எடுத்தார். "அம்மா முகத்துல எப்படி ஃபாதர் முழிக்கிறது?" என்றார். கடன் அவரை அழுத்தியது உண்மை. அதைவிட வெட்கம் அவரை அறைக்குள் பூட்டி வைத்திருந்தது.

அரசர்கள் இரண்டாம் நூலின் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் எலிசாவிடம் வந்து கதறுகிறார். கணவர் இறந்துவிட்டார், கடன் கொடுத்தவர் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறார். எலிசா முதலில் கேட்பது, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான். ஒரு கலயம் எண்ணெய். அக்கம்பக்கத்தாரிடம் காலிப் பாத்திரங்களை, நிறையவே, கேட்டு வாங்கி வா என்கிறார். அவர்கள் ஊற்ற ஊற்ற எண்ணெய் வருகிறது. பாத்திரம் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் வாழுங்கள் என்கிறார் இறைவாக்கினர்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கடனை மறந்துவிடு என்று எலிசா சொல்லவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் பணமும் கேட்கச் சொல்லவில்லை. காலிப் பாத்திரம்தான் கேட்கச் சொன்னார். ஆனால் அதைக் கேட்க, அந்தப் பெண் தெருவில் இறங்கி, தன் வீட்டு நிலைமையை நாலு பேருக்குத் தெரியவிட வேண்டியிருந்தது. வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் ஒரு கலயத்தோடு முடிந்திருக்கும்.

நாங்களும் பாத்திரம் தேடினோம். எங்கள் அன்பியத்தில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். தம்பியை ஊருக்கு வரவழைத்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவர் வங்கிக்குப் போனார். வேலையில்லாத காலத்திலும் குறைந்த சம்பளக் காலத்திலும் தவணையைச் சில மாதம் தள்ளிவைக்கவும், தொடக்கத்தில் குறைவாகவும் சம்பளம் உயரும்போது கூடுதலாகவும் கட்டவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். தவணைக் காலம் நீட்டப்பட்டது. புதுமை ஒன்றும் நடக்கவில்லை. தம்பி இன்றும் மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் ஞாயிறுதோறும் அம்மாவோடு பேசுகிறார். இந்த ஆண்டுத் திருவிழாவில் தேர்வடம் பிடித்தார்.

தவணை தவறியவர்களே, வங்கியைப் பார்த்து ஓடாதீர்கள். முதல் தவணை தவறுமுன்பே போய்ப் பேசுங்கள். பேசியதை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் உங்களை அழைக்கக் கூடாது என்பதும், மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் வங்கியில் புகார் கொடுங்கள். அங்கே தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மனம் மிகவும் சோர்ந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் 104 என்ற எண்ணையோ 14416 என்ற எண்ணையோ அழையுங்கள். அல்லது பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள், நள்ளிரவானாலும் சரி. ஒரு கடன் தொகை எவ்வளவு பெரிதானாலும் அது உங்கள் உயிரின் விலை அல்ல.

பங்கு மக்களே, 2025 யூபிலி ஆண்டு. பழைய ஏற்பாட்டில் யூபிலி என்றால் கடனில் இழந்த நிலம் திரும்பி வருவதும், அடிமைப்பட்டவர் வீடு திரும்புவதும் ஆகும். எல்லாருடைய கடனையும் அடைக்க நம் உண்டியலால் ஆகாது. ஆனால் பாத்திரம் கொடுக்கலாம். வங்கி வேலை தெரிந்தவர் மாதம் ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்துக் காட்டலாம். ஏற்கெனவே வேலையில் இருக்கும் பட்டதாரி, நம் பிள்ளைகளுக்கு உண்மைச் சம்பளத்தைச் சொல்லலாம். திருச்சியில் மாடி அறை காலியாக வைத்திருப்பவர், நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அதைத் தரலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு சந்திக்கும்போது, அரிசி இருக்கிறதா என்று கேட்பதோடு, பிள்ளை பேசுகிறானா என்றும் கேட்கலாம்.

திருவரங்கத்து மொட்டைக் கோபுரம் என்ன ஆயிற்று? 1987-இல் 236 அடி உயரத்தில் முழுமை பெற்றது. எத்தனையோ பேர் கைகொடுத்ததால் அது நடந்தது. இன்று அதைப் பார்க்கிற யாரும் அது பாதியில் நின்ற கதையைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளின் கோபுரத்துக்கு அடித்தளம் போடுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். பாதியில் நிற்கிற கோபுரத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களாக இல்லாமல், ஒரு பாத்திரத்தோடு போகிறவர்களாக இருப்போம்.

செபிப்போம். எங்கள் கடன்களையெல்லாம் சிலுவையில் உம் கணக்கில் ஏற்றுக்கொண்ட ஆண்டவரே, படிக்க ஆசைப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு ஞானத்தையும், கையெழுத்திடும் பெற்றோருக்குத் தெளிவையும், தவணையால் வாடும் இளையோருக்குத் துணிவையும் தாரும். வீட்டோடு பேசாமல் இருக்கும் ஒவ்வொரு மகனும் மகளும் இன்று மாலைக்குள் அம்மாவை அழைத்துப் பேச அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.